பதிலாளின் மூன்று அடையாளங்கள்

மிளகு மூன்று தடவை கூப்பிட்டாளாம். அவனுக்கு ஒரு தடவைதான் கேட்டது.

"காதை ஸ்கேன் ரூம்லயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டீங்களாப்பா?" சமையலறை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள் மகள். பன்னிரண்டு வயது. ஆள் சிறுசு, காரம் அதிகம் என்று அவள் பேச ஆரம்பித்த வருஷமே அவன் வைத்த பெயர் அது.

"குழாய்ச் சத்தத்துல கேக்கலம்மா."

"குழாய் மூடித்தானே இருக்கு?"

திரும்பிப் பார்த்தான். குழாய் மூடித்தான் இருந்தது. தொட்டியில் பொட்டு ஈரம் இல்லை. கழுவ எடுத்த கோப்பை காய்ந்தபடியே கையில் இருந்தது. எவ்வளவு நேரமாக அங்கே அப்படி நின்றிருந்தான் என்பதும் அவனுக்கு நினைவில்லை.

மிளகு ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். "அடையாளம் ஒண்ணு! மூணாவது தடவ கூப்பிட்டாத்தான் திரும்பும். பதிலாள் வந்தாச்சு!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். தன் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்ததுபோல் அவனுக்கே பட்டது. திங்கட்கிழமை அலுப்பு என்று எண்ணிக்கொண்டு கோப்பையைக் கழுவி வைத்தான்.

அந்த அடையாளங்களை எழுதியவனே அவன்தான். மகளும் அவனும் மூன்று வருஷமாக 'ஒன்பது விளக்குகள்' என்ற மாயாஜாலத் தொடரில் பைத்தியமாக இருந்தார்கள். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு இருவரும் சோபாவில் ஒரே போர்வைக்குள் உட்காருவார்கள். மனைவிக்கு வெளியூரில் வேலை, மாதக் கடைசியில்தான் வருவாள். தொடரைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவாள். தொடரில் விளக்குக்காரி என்று ஒருத்தி. பனி மூடிய நாட்டில், வலது கையில் விளக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கோட்டை கோட்டையாக நடப்பவள். குரலில் அப்படியொரு அதிகாரம். மூன்றாம் பருவத்தின் கடைசியில் அவள் பனிக்குள் விழுந்து காணாமல் போனாள். அவள் திரும்பி வருவாளா, எப்படி வருவாள் என்று ரசிகர்கள் இணையத்தில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

அவனும் 'ஆரூடம்' என்ற புனைபெயரில் எழுதிக்கொண்டிருந்தான். பெயர்தான் ஆரூடம். சொன்னதில் பாதிக்கு மேல் பல்லிளித்தது. நானூறு பேர் படித்தார்கள். அதில் முப்பது பேர் கிண்டல் பண்ணவே படித்தார்கள். பிறகு ஒருநாள் இப்படி எழுதினான்:

"விளக்குக்காரி திரும்பி வருவாள். ஆனால் வருவது அவள் அல்ல, அவளைப் போலவே இருக்கும் பதிலாள். அடையாளங்கள் மூன்று. விளக்கை இடது கையில் பிடிக்கும். மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் திரும்பும். சிரித்தால் பாதி வாய்தான் சிரிக்கும்."

முடிவில் ஒரு பயம் வேண்டும் என்று கூடவே ஒரு வரி சேர்த்தான். "யார் அதை முதலில் அடையாளம் காட்டுகிறார்களோ, அடுத்து அது அவர்கள் வீட்டுக்குத்தான் போகும்."

இரண்டு மாதம் கழித்து நான்காம் பருவம் தொடங்கியது. விளக்குக்காரி பனியிலிருந்து வெளியே வந்தாள். விளக்கு இடது கையில் இருந்தது. வீரன் ஒருவன் அவளை மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. அவள் திரும்பி, பாதி வாயால் சிரித்தாள். மிளகு போர்வையை உதறிவிட்டுச் சோபா மேல் ஏறிக் குதித்தாள். மறுநாள் காலை அவனுடைய பக்கத்தை இரண்டு லட்சம் பேர் படித்திருந்தார்கள்.

அவன் ஒன்றும் ஆரூடம் பார்க்கவில்லை. அவன் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்கு விளக்குக்காரியாக நடிக்கும் நடிகை வந்திருந்தாள், அவ்வளவுதான்.

ஏழு மாதத்துக்கு முன்னால், பின்வாசல் வழியாக, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, தங்கை தோளைப் பிடித்தபடி வந்தாள். மூளையில் ரத்தம் கட்டிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. எந்திரத்துக்குள் படுக்கப் போகிறவர்கள் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுப்பார்கள். பயம் வந்தால் அழுத்தலாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மணி அடிக்கும். அவன் அதை அவளுடைய வலது கையில் வைத்தான். விழுந்தது. மறுபடியும் வைத்தான். விழுந்தது. அவள் வெட்கத்தோடு இடது கையை நீட்டினாள். மைக்கில் மூன்று தடவை பெயரைக் கூப்பிட்ட பிறகுதான் "ம்" என்றாள். முடிந்து வெளியே வந்ததும் அவனுக்கு நன்றி சொல்லிச் சிரித்தாள். பாதி வாய் மட்டும் சிரித்தது.

அவன் அன்று வீட்டுக்கு வந்து, அவளுக்காக இரண்டு நிமிடம் நிஜமாகவே வருத்தப்பட்டான். பிறகு உட்கார்ந்து எழுதினான்.

எழுதும்போது அது தப்பு என்று தெரியாமல் இல்லை. பெயர் சொல்லவில்லையே, நோய் சொல்லவில்லையே, கதையாகத்தானே சொல்கிறோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னான். ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்தி அவள் வாயை வட்டம் போட்டுக் காட்டினார்கள். ஒரு கடைத்தெருவில் அவளைப் பின்னாலிருந்து மூன்று தடவை கூப்பிட்டு, அவள் திரும்பிய நொடியில் "பதிலாள்! பதிலாள்!" என்று கத்திப் படம் பிடித்தார்கள். ஒரு குழந்தை அவளைப் பார்த்து வீறிட்டு அழுதது. அந்தப் படத்தை நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். அவனும் பார்த்தான்; அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பாதியிலேயே நிறுத்தினான். பிறகு கீழே தன் புனைபெயரை எத்தனை பேர் பாராட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டுப் படுத்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு உடம்பு கூசும்.

செவ்வாய்க்கிழமை அவள் மறுபடியும் வந்தாள்.

பெயர்ச்சீட்டை இரண்டு தடவை படித்தான். வேறு ஆளை அனுப்பலாம் என்றால் அன்றைக்கு அவன் ஒருத்தன்தான். அவள் இளைத்திருந்தாள். பந்தை வாங்க இந்தத் தடவை தானாகவே இடது கையை நீட்டினாள்.

எந்திரம் தட்டத் தொடங்கியது. கதவை யாரோ முட்டியால் இடிப்பதுபோல அதே தட்டல், அதே இடைவெளி. இடையில் ஓர் அமைதி வந்தபோது ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்டது. ஒவ்வொரு சொல்லாக, தேடித் தேடி எடுத்து வைத்தாள்.

"சார்... நீங்க... சீரியல் ஏதாவது... பாப்பீங்களா?"

உண்மையைச் சொல்ல இதுதான் சமயம் என்று அவனுக்குத் தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. காலுறை ஒன்று கழன்று பாதி தொங்கியது. மைக் பொத்தானை அழுத்தினான்.

"இல்லம்மா. எனக்கு அதுக்கெல்லாம் நேரம் இல்ல."

"நல்லது" என்றாள். "ரொம்ப நல்லது."

அவள் போன பிறகு அறையைத் துடைத்து, பந்தைக் கொக்கியில் மாட்டி, விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். ஸ்பிரிட் வாடையும் சூடான கம்பியின் வாடையும் மெல்ல அடங்கின. அப்போது மணி அடித்தது. ஒரு தடவை. உள்ளே யாரும் இல்லை. பந்து கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை அடித்தது. பந்தின் ரப்பர் குழாயில் காற்று ஏறியிருக்கும் என்று நினைத்தான். மூன்றாவது தடவை அடித்தபோது, அவனை அறியாமல் வாய் திறந்து "சொல்லுங்க" என்றது.

இருட்டில் எந்திரத்தின் வட்டமான வாய் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதற்குள்ளே, ஆழத்தில், ஒரு காலுறை பாதி கழன்று தொங்கியதுபோல இருந்தது. அவன் விளக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

புதன்கிழமை சாயங்காலம் மிளகு பள்ளிக்கூடப் பையைக் கூடக் கழற்றாமல் வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"அப்பா, விளக்குக்காரி ஒரு வீடியோ போட்டிருக்காங்க. உடம்பு சரியில்லாமப் போச்சாம். 'நான்தான், நான் அதே ஆள்தான்'னு அழறாங்க. தொடரை விட்டுப் போறாங்களாம்." மூக்கை உறிஞ்சினாள். "நாம தப்பா சொல்லிட்டோமா?"

"நாம என்னம்மா பண்ணோம்? கதையத்தானே சொன்னோம்."

"சரி, உங்களுக்கு எப்படிப்பா தெரிஞ்சது? இடது கைன்னு எப்படித் தெரிஞ்சது?"

இதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறாள். அப்போது பெருமையில் கேட்டாள். இப்போது கேட்டது வேறு. அவன் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். நிஜமாகவே நினைத்தான். ஆனால் சொன்னால், இந்த முகம் இனிமேல் அவனைப் பார்க்கும் விதமே மாறிவிடும். உலகத்தில் அவன் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான். நாக்கு பழகிய வழியிலேயே போயிற்று.

"கதைய உன்னிப்பா கவனிச்சா எல்லாம் தானாத் தெரியும். அவங்க அழறதெல்லாம் கம்பெனிக்காரங்க கட்டிவிடற கதை. நம்பாதே."

மிளகு அவனையே பார்த்தாள். பிறகு அவன் கையைப் பார்த்தாள். டீக் கோப்பை அவனுடைய இடது கையில் இருந்தது.

வலது கைக்கு மாற்றிக்கொண்டான். கோப்பை நழுவியது. பிடிக்கப் பார்த்தான், விரல்கள் மடங்கவில்லை. ஓடு சிதறி, டீ அவள் காலுறையை நனைத்தது. இந்தத் தடவை மிளகு சிரிக்கவில்லை. துடைப்பம் எடுத்து வந்து கூட்டினாள்.

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். இந்தச் சோதனையெல்லாம் அவனுக்கு அத்துப்படி. இரண்டு கைகளையும் தூக்கினான். இரண்டும் உயர்ந்தன, ஆனால் வலது கை மெல்ல மெல்ல, யாரோ கீழேயிருந்து இழுப்பதுபோல இறங்கியது. சிரித்துப் பார்த்தான். கண்ணாடியில் இருந்தவன் முழு வாயால் அழகாகச் சிரித்தான். அப்பாடா என்று இருந்தது. விரலை எடுத்துத் தன் உதட்டின் ஓரத்தைத் தொட்டான். வலது பக்கம் அசையவே இல்லை. தொங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாடியில் இருந்தவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை அவனுக்கு வார விடுமுறை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தவன் ராத்திரி வரை எழுந்திருக்கவில்லை. தூக்கத்தில் எங்கோ அந்தத் தட்டல் கேட்டபடியே இருந்தது.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனதும் நேரே டாக்டரம்மாவின் அறைக்குள் போனான். படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவர் அவர். "டாக்டர், எனக்கு ஒரு ஸ்கேன் எடுக்கணும். வலது கை சரியா இல்ல" என்றான். சொல்லும்போது சொற்கள் வாய்க்குள் புரண்டன.

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "மறுபடியுமா? நேத்து சாயங்காலம்தானே எடுத்தோம்?"

"நேத்து எனக்கு லீவு டாக்டர்."

"ஆமா, லீவுல வந்தீங்க. பேச்சுக் குழறுதுன்னு நீங்களே வந்து படுத்தீங்க. நான்தான் ஆள் வெச்சு எடுக்கச் சொன்னேன்." திரையைத் திருப்பிக் காட்டினார். அவன் பெயர். அவன் வயது. நேற்றைய தேதி. "பாருங்க, எல்லாம் சுத்தமா இருக்கு. ஒரு குறையும் இல்ல. அப்புறமும் எதுக்கு அப்படி அழுதீங்க?"

"அழுதேனா?"

"தேம்பித் தேம்பி அழுதீங்க. ஒரு பேஷன்ட்டுக்குப் பெரிய துரோகம் பண்ணிட்டேன், பொண்ணுகிட்ட சொல்லணும்னீங்க." டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "சொல்லிட்டீங்களா?"

சொன்னேன் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தான். அதுவும் பொய். தன்னைப் போல ஒன்று வந்து தன் எந்திரத்தில் படுத்துப் போயிருக்கிறது என்ற பயத்தைவிட, அது அழுதிருக்கிறது என்பதுதான் அவனைக் கூனிக் குறுக வைத்தது. இந்த ஏழு மாதத்தில் அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

சாயங்காலம் வரை எப்படியோ ஓட்டினான். இன்றைக்குப் பருவத்தின் கடைசிப் பகுதி. போனதும் சொல்லிவிட வேண்டும். தொடர் தொடங்குவதற்கு முன்னால், போர்வையை விரிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். பேருந்தில் அந்த வாக்கியத்தைப் பாடம் பண்ணிக்கொண்டே வந்தான். நான் அவங்கள ஸ்கேன் ரூம்ல பாத்தேன்மா. நான் அவங்கள ஸ்கேன் ரூம்ல பாத்தேன்மா. நிறுத்தத்தில் நடத்துநர் கத்தினார். "இறங்குங்க சார்! எத்தனை தடவ கூப்பிடறது!"

மணி எட்டடிக்கப் பத்து நிமிடம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான்கு மாடி ஏறுவதற்குள் வலது கால் இழுத்தது. தாழ்வாரத்தில் குழல்விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. யார் வீட்டிலோ எண்ணெய் காயும் வாடை. அவன் வீட்டு வாசலில் மிளகின் செருப்பு. பக்கத்தில் ஒரு ஜோடிச் செருப்பு.

அவனுடைய செருப்பு.

காலைப் பார்த்தான். போட்டிருந்தான். அதே வார், அதே இடத்தில் அதே தையல்.

சாவி நுழைந்தது, திரும்பவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அழைப்பு மணியை அழுத்தினான். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினான். உள்ளே பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது தடவை அழுத்தினான்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அவன் குரல்.

சமையலறை ஜன்னல் தாழ்வாரத்தைப் பார்த்து இருந்தது. பாதி திறந்திருந்த மங்கல் கண்ணாடிக்கு நடுவே கூடம் தெரிந்தது. சோபா. போர்வை. போர்வைக்குள் மிளகு. அவள் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள். அவன் சட்டை. அவன் பின்கழுத்து மச்சம். கோப்பை இடது கையில்.

அது பேசிக்கொண்டிருந்தது. முதலில் குழறியது. பேசப் பேசத் தெளிந்தது.

"...பந்து வலது கையில நிக்கல. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சது. மூணு தடவ கூப்பிட்டப்புறம்தான் பதில் சொன்னாங்க. அதையே கதையா எழுதிட்டேன். அவங்க நோய வித்துப் பேர் வாங்கிட்டேன்மா."

மிளகு அழுதாள். "அன்னைக்கே ஏன்ப்பா சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு. நீ என்னைப் பாக்கறது மாறிடும்னு பயந்தேன்."

மிளகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அதன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "நாளைக்கு அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கலாம். நானும் வரேன்" என்றாள்.

அவள் முகம் மாறவில்லை. அவன் பயந்தது எதுவும் நடக்கவில்லை. இவ்வளவுதானா, இதைச் சொல்லத்தானா முடியாமல் போயிற்று என்று எண்ணினான்.

"மிழகு" என்றான். நாக்கு புரண்டது. இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினான். "மிழகு! மிழகு!"

அவள் எழுந்து வந்தாள். ஜன்னலுக்கு இரண்டு அடி தள்ளி நின்றாள். தெருவில் தெரியாத ஆளைப் பார்க்கும் பார்வை. அவன் வாயின் தொங்கிய பக்கத்தைப் பார்த்தாள். அவன் இடது கையைப் பார்த்தாள்.

"நீங்கதான் எங்க அப்பான்னா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றாள். "இடது கைன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

பாடம் பண்ணிய வாக்கியம் தொண்டையில் இருந்தது. நான் அவங்கள. நான். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. யாரோ எட்டிப் பார்த்தார்கள். காது சூடேறியது. அவன் வாயைத் திறந்தான்.

"கதைய... உன்னிப்பா கவனிச்சா... எல்லாம் தானாத் தெரியும்."

மிளகின் கண்கள் அகன்றன.

"இல்ல, இரும்மா, நான்..."

ஜன்னல் சாத்தப்பட்டது. கொண்டி விழுந்தது. மங்கல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்ன நிழல் ஒன்று பின்வாங்க, பெரிய நிழல் ஒன்று மெதுவாக நெருங்கி வந்தது. வலது கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்தது. ஐந்து விரல்களும் நேராக, உறுதியாக. அதற்கு மேலே ஒரு வாய். முழு வாயும் சிரித்தது.

பிறகு திரும்பிப் போயிற்று. தொடரின் தொடக்க இசை எழுந்தது.

"அப்பா" என்றாள் மிளகு. ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள்.

"சொல்லும்மா" என்று உடனே பதில் வந்தது.